உரிம எண் இல்லாத பொட்டலம்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாள் அந்த ஆஸ்பத்திரிப் பெண். எனக்கு இடம் காட்டுகிறாளாம். முப்பத்தொரு வருஷம் மருந்து ஆய்வாளராக இருந்து, ஒரு நாளைக்கு அறுபது இடத்தில் கையெழுத்துப் போட்ட இந்தப் பொன்னுரங்கத்துக்கு இடம் காட்டுகிறாள். மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கிறது. பதினொரு மணிக்கு முதல் கேப்சூல், அதற்கு முன்னால் கையெழுத்து, கையெழுத்து இல்லையென்றால் கேப்சூல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டாம் தடவை படிக்கலாம் என்றால் இடது கண் இமை இறங்கிவிட்டது, மத்தியானம் கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவது மாதிரி. ஆள்காட்டி விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். ‘உரிமம் பெறாத மருந்து பற்றிய விளக்கமும் ஒப்புதலும்.’ முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். ‘இம்மருந்து உரிமம் பெறாதது என்பதனாலேயே அது பாதுகாப்பற்றது என்று பொருளாகாது.’ பொருளாகாதாம். எந்தப் புண்ணியவான் எழுதிய தமிழோ. ‘இதனை வணிக ரீதியாகத் தயாரிக்க எந்த நிறுவனமும் விண்ணப்பிக்கவில்லை.’ அது சரி, அது எனக்குத் தெரியாததா. மருந்துக்கு உரிமம் என்பது, இது நல்லதா கெட்டதா என்று யாரோ ராப்பகலாக யோசித்து ஊர் ஊராகத் தேடி வந்து கொடுப்பதில்லை. ஒரு கம்பெனி போய்க் கேட்க வேண்டும். கட்டுக் கட்டாகக் காகிதத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைக்க வேண்டும். தேசம் முழுக்கச் சலித்தாலும் கொஞ்சம் பேருக்குத்தான் வருகிற வியாதி என்றால் எந்தக் கம்பெனிக்காரன் கேட்பான்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்த மருந்துக்காக அழ ஆள் இல்லை, அவ்வளவுதான். உரிமம் வாங்கிய மாத்திரையில் சுண்ணாம்பு மாவைப் பார்த்தவன் நான். பளபளவென்று அட்டை, அதில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும், மருந்து மட்டும் இருக்காது. இதெல்லாம் தெரியும். வகுப்பு எடுக்கச் சொன்னால் எடுப்பேன், எடுத்தும் இருக்கிறேன். ஆனாலும் பேனாவைத் தொட மனசு வரவில்லை. விரலில் பலமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பலமும் இல்லைதான்.

முதலில் தெரிந்தது முடிவெட்டும் கடையில். வெட்டி முடித்து, துணியை உதறி, பிடரியில் பவுடர் போட்டு, “அவ்வளவுதான் சார்” என்றான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திரு என்று காலுக்குச் சொல்கிறேன், கால் வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்று இருக்கிறது. கண்ணாடியில் அடுத்த ஆள் பேப்பரை மடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டவன் மாதிரி நடித்தேன். பிறகு மாடிப்படி, பிறகு வாய் காய்ந்து போவது, பிறகு இமை. ஏழு மாதம் ஏழு டாக்டர், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். இங்கே நரம்பு டாக்டர் இம்மானுவேல்தான் முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, “நரம்பு பேசறது தசைக்குக் கேக்கலை சார். கொஞ்சம் சத்தமாப் பேச வைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. கடையில கிடைக்காது. நம்ம மருந்தகத்துலயே பொடியை எடை போட்டு, உங்க பேருக்குன்னு கேப்சூல் நிரப்பிக் குடுப்பாங்க” என்றார். உரிம எண் என்ன என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. டாக்டர் சிரித்தார், என் மனைவி திலகவதி முழங்கையில் கிள்ளினாள். இந்த மருந்து வேண்டாம் என்றால்? “அடுத்தது மூச்சு விடற தசை சார்” என்றார், பஸ் அடுத்து எங்கே நிற்கும் என்று சொல்கிற குரலில். அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்தக் காகிதம் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. இன்று காலையும் திலகவதி கத்தினாள். “போட்டுத்தான் தொலைங்களேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு ஊருக்கெல்லாம் குறுக்க நின்னீங்க. இப்ப உங்களுக்கே குடுக்கறாங்க, அதுக்கும் குறுக்க நிக்கணுமா?” சொல்லிவிட்டுப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கீழே கேன்டீனுக்கு வெந்நீர் வாங்கப் போய்விட்டாள். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள், அவள் நாக்குக்கு யாரும் உரிமம் கொடுக்கத் தேவையில்லை. நான் மருந்துக்குப் பயப்படுகிறேன் என்று அவளுக்கு எண்ணம். விரல் நுனி மரத்துப் போகலாம், அபூர்வமாக வலிப்பு வரலாம், எல்லாம் இதிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கெல்லாம் பயமில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு குழந்தையின் மருந்தை நான் பறிமுதல் செய்தேன். அதிலும் உரிம எண் இல்லை. அது மருந்தே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது இதில் கையெழுத்துப் போட்டால் அதுவும் மருந்துதான் என்று ஆகிவிடும். விஷயம் இவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, திலகவதியிடம்கூட.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். மருந்தகத்துப் பெண், மார்பில் குத்திய அட்டையில் தாரணி என்று இருக்கிறது, பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. “படிச்சாச்சுங்களா சார்?” கையெழுத்து இல்லாததைப் பார்த்துவிட்டாள், ஆனால் முகத்தில் காட்டவில்லை. நான், “எடை போட்ட பதிவேடு இருக்குமா?” என்றேன். வேறு பெண்ணாக இருந்தால் முறைத்திருப்பாள். இவளோ பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவள் மாதிரி ஓடிப்போய்ப் பெரிய நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். நோட்டின் கனம் தொடையில் தெரிகிறது. பரவாயில்லை, கனம் இன்னும் தெரிகிறது. இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். குற்றம் தேடித்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன். பொடி வந்த டப்பாவின் சான்றிதழ் ஒட்டியிருக்கிறது. தினமும் காலையில் தராசைச் சரிபார்த்த சீட்டு ஒட்டியிருக்கிறது. நிரப்பிய கேப்சூலில் பத்தை எடுத்துத் திரும்ப எடை போட்டு எழுதியிருக்கிறாள். செய்தவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. ஒரே ஓர் இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தாள், எனக்கு உயிர் வந்தது, அப்புறம் பார்த்தால் அந்தத் திருத்தத்துக்கும் சுருக்கொப்பம் வைத்துத் தேதி போட்டிருக்கிறாள். நான் ஏறி இறங்கிய பெரிய தொழிற்சாலைகளில் பாதியில் இந்த ஒழுங்கு கிடையாது. எரிச்சலாக வந்தது. “எல்லாம் சரியா இருக்குதுங்களா சார்?” என்றாள். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கையிலிருந்த சின்ன வெள்ளை டப்பாவைக் காட்டினாள். டப்பாவில் கையால் எழுதிய லேபிள். பொன்னுரங்கம், வயது அறுபத்து மூன்று, படுக்கை பதினான்கு, காலை பதினொன்று. கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர். லட்சக்கணக்கில் லேபிள் படித்திருக்கிறேன், சாப்பிடப் போகிறவன் பெயரை ஒரு லேபிளிலும் பார்த்ததில்லை என்று நினைத்தேன். நினைத்த உடனேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. பார்த்திருக்கிறேன். நாற்பத்திரண்டு பொட்டலத்தில் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டில் இருந்தபோது மொட்டைக் கடுதாசி ஒன்று வந்தது, அதில்தான் ஆரம்பம். குழந்தைகள் டாக்டர் ரஹமத்துல்லா தன் கிளினிக்கில் ஊறுகாய்க்குப் போடுகிற உப்பைக் குழந்தைக்கு மருந்தென்று கொடுக்கிறார் என்று இருந்தது. தொழில் போட்டியில் யாரோ எழுதியது, படித்தாலே தெரிகிறது. ஆனால் எழுதியவன் யோக்கியனா என்பது என் வேலையில்லை, எழுதியது உண்மையா என்பதுதான் வேலை. போனேன். உண்மைதான். சோடியம் பென்சோயேட், ஊறுகாய் கெட்டுப் போகாமல் இருக்கப் போடுவது, ரசாயனக் கடையில் வாங்கிய டப்பா, ‘ஆய்வுக்கூட உபயோகத்துக்கு மட்டும்’ என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அதை எடை போட்டு வெள்ளைத் தாளில் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் ‘செ. வளர்மதி, ஒன்றேகால் வயது’ என்று எழுதி, காலை, மதியம், இரவு என்று அடுக்கி வைத்திருந்தார். டாக்டர் கோபப்படவில்லை. “சார், இது ரத்தத்துல அம்மோனியா ஏறுற குழந்தை. இந்த உப்பு அதைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போயிடும். இதுக்குன்னு செஞ்ச மருந்து இங்க எங்கயும் கிடைக்காது. புத்தகத்துல இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா?” என்றார். தடியான புத்தகம், பக்கத்தில் ஊசி மருந்து வந்த அட்டையை அடையாளமாக வைத்திருந்தார். நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “புத்தகம் வேண்டாம் டாக்டர். உரிமத்தைக் காட்டுங்க.” எவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு மனசுக்குள் ஒரு மிதப்பு. “பத்துப் பொட்டலமாவது விட்டுட்டுப் போங்க” என்றார். சட்டத்தில் பத்துப் பொட்டலம் என்று ஒரு விதி கிடையாது என்றேன். அவர் யாருக்கோ போன் செய்ய உள்ளே போனார். நான் மகஜர் எழுத உட்கார்ந்தேன், பறிமுதல் செய்த இடத்திலேயே எழுதுகிற பட்டியல். உற்பத்தியாளர் பெயர் இல்லை. உரிம எண் இல்லை. தொகுதி எண் இல்லை. காலாவதித் தேதி இல்லை. இல்லாததையெல்லாம் எழுதினேன், இருந்த ஒன்றை எழுதவில்லை, அந்தப் பெயரை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. பொட்டலங்களை உறையில் போட்டு அரக்கு வைத்தேன். திரும்புகிற வழியில் ரசாயனக் கடைக்கும் போய், இனிமேல் அந்த டாக்டருக்கு அதை விற்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மறுநாள் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் வந்தது, மேலதிகாரி கூப்பிட்டு முதுகில் தட்டினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கடை ஊறுகாய் கிடையாது. எனக்கு ரத்தக் கொதிப்பு பயம் என்று திலகவதி இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“சார்” என்கிறாள் தாரணி. “வீட்டுக்காரங்க இல்லாம வேற ஒருத்தர் சாட்சிக் கையெழுத்தும் போடணும்ங்க.” சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துத் திரும்பினாள். அங்கே மாமனாருக்குத் துணையாக இருக்கிற நாச்சிமுத்து, நாற்பது வயசு இருக்கும், சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறவர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “அண்ணா, இங்க ஒரு கையெழுத்துப் போட முடியுங்களா?” அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். பேனாவை வாங்கினார். பென்சில் குறி இருக்கிற இடத்தைத் தேடினார். “என்னன்னு படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக, ஏதோ திருடனைப் பிடித்த மாதிரி வந்தது. நாச்சிமுத்து திகைத்துப்போனார். “என்னத்தைங்க படிக்கறது. மருந்துக்குத்தானுங்களே? நீங்க நல்லாகோணும், அவ்வளவுதானுங்க.” போட்டுவிட்டார். மருந்துக்குத்தானே. ஈரோட்டில் அன்றைக்கு ஒருவனும் அப்படித்தான் நினைத்தான். எதைச் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போய்க்கொண்டிருந்தேனோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார் இந்த மனுஷர். மகஜருக்கு இரண்டு சாட்சி வேண்டும். முதல் சாட்சி கம்பவுண்டர். இரண்டாவது சாட்சிக்கு எப்போதும் செய்கிறதைச் செய்தேன், அருகில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். எங்கள் இலாகாவில் எல்லாரும் அப்படித்தான், வாசலில் நிற்கிறவன்தான் சாட்சி. கதவோரம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், தலைமுடியில் பஞ்சுத் தூசு. “ஏப்பா, கையெழுத்துப் போடத் தெரியுமா?” “தெரியுங்க.” எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கூட்டி ‘மு. செங்கோடன்’ என்று எழுதினான். அவன் எதற்காக அந்த வாசலில் நிற்கிறான் என்று நான் கேட்கவில்லை. கம்பவுண்டர் வாயைத் திறக்கவில்லை. போட்டு முடித்ததும் அவன் என்னிடம் கையை நீட்டினான். நகல் கேட்கிறான் என்று நினைத்தேன், பரவாயில்லையே, விவரமானவன் என்றுகூட நினைத்தேன். கார்பன் வைத்த மூன்றாவது நகல் ஒன்று கையில் இருந்தது, கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு “வர்றனுங்க” என்று போனான். சாயங்காலம் அறிக்கை தட்டச்சு செய்யும்போதுதான் பொட்டலத்தில் செ., சாட்சியில் செங்கோடன் என்று கண்ணில் பட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம் கல்லை எறிந்தால் நாலு செங்கோடன் மேல் விழும் என்று சொல்லிக்கொண்டேன். பத்து நாள் கழித்து ஒரு மெடிக்கல் ஷாப்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “சார், உங்க மகஜரைக் கொண்டாந்து ஒருத்தன் நீட்டறான், இந்த மருந்து குடுங்கன்னு. எங்க கடையில இல்லைன்னேன், அடுத்த கடைக்குப் போனான். ஏழெட்டுக் கடை ஏறியிருக்கான் சார்.” நானும் சிரித்தேன். டீ வரவழைத்தார், குடித்தேன். கேட்டிருக்கலாம், அப்புறம் என்ன ஆச்சு என்று. அந்த ஒரு வார்த்தை அன்றைக்கும் வரவில்லை, ஆறு மாதத்தில் தருமபுரிக்கு மாற்றல் வந்தது, அந்தக் கிளினிக் இருக்கிற தெரு வழியாக அதன் பிறகு நான் போனதில்லை.

நாச்சிமுத்து ஆரஞ்சுக்குத் திரும்பிவிட்டார். மணி பதினொன்றாக ஏழு நிமிஷம் இருக்கிறது. தாரணி டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்கிறாள், அவசரப்படுத்தவில்லை. “வேற ஏதாச்சும் கேக்கணும்ங்களா சார்?” இருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, வாயில் எச்சில்தான் இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டேன். “சோடியம் பென்சோயேட் இங்கே செய்யறீங்களா? குழந்தைகளுக்கு?” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “செய்யறோம்ங்க சார். ரெண்டு கொழந்தைங்க இருக்காங்க. பெரியவ இப்ப ஆறாவது படிக்கிறா. மாசமானா அவங்கப்பாகூட வந்து அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போவா. கொமட்டுதுன்னு என்னையத்தான் திட்டுவா.” ஆறாவது. நடக்கிறாள், திட்டுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள். “அது இல்லாம எத்தனை நாள் இருக்கலாம்?” “பெரியவளுக்குங்களா?” “இல்லை. ஒண்ணேகால் வயசுக் குழந்தைக்கு.” அவள் யோசித்தாள். படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்கிறாள் போலிருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். “நாலஞ்சு நாளுங்க சார். சுணங்கிப் படுத்துக்கும், வாந்தி எடுக்கும், அப்புறம் எழுப்பினாலும் எந்திரிக்காதுங்க. அதுக்கு மேல தாங்காது. ஏனுங்க சார்?” பரிசோதனைச் சாலையிலிருந்து முடிவு வந்தது நாற்பத்தோராவது நாள். மாதிரி தூய்மையானது, தரமானது என்று போட்டிருந்தது. அதைக் கோப்பில் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினேன். “ஒண்ணுமில்லம்மா” என்றேன். பேனாவை அவள்தான் விரலுக்கு நடுவில் வைத்துவிட்டாள். பென்சில் குறியின் மேலேயே எழுதினேன், எழுத்து வளைந்து கீழே இறங்கிவிட்டது, பொன்னுரங்கம் என்று படிக்கலாம். கேப்சூல் நாக்கில் ஒட்டிக்கொண்டது, தண்ணீர் விட்டு இறக்கினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்ப்பேன், கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொல்வேன் என்றாள். பதினோரு மணி என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். அவள் எடை போட்டதில் பிழை இல்லை, நானே பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு நான் எழுந்து நின்றுவிடுவேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.